ஆரவ் என்றால் அமைதியாம்!

பையன் பிறந்து பத்து மாதம் ஆகிறது. பிறப்புச் சான்றிதழில் பெயர் இருக்க வேண்டிய இடம் இன்னும் காலி. வீட்டில் அவன் 'தம்பி', தெருவில் 'குண்டு', தடுப்பூசி அட்டையில் அவன் அம்மாவின் குழந்தை. அவ்வளவுதான். எல்லாம் நான் வாயைத் திறந்து கேட்ட ஒரே ஒரு பெயரால் வந்த வினை. ஓரி.

நான் ஒன்றும் வம்புக்குச் சொல்லவில்லை. பஞ்சாங்கப்படி ரோகிணி முதல் பாதம், பெயரின் முதல் எழுத்து 'ஓ' என்று மாமனார் வீட்டில்தான் சொன்னார்கள். சரி, ஓ தானே வேண்டும், இந்தாருங்கள் ஓரி என்றேன். "ஓரியோ பிஸ்கட் பேரா மாப்பிள்ளை?" என்று கேட்டார் மாமனார். கூடம் முழுக்கச் சிரிப்பு.

கொல்லிமலையை ஆண்டவன் ஐயா அவன்! கடையெழு வள்ளல்களில் ஒருவன். அவன் விட்ட ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியைத் துளைத்து, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, கடைசியில் புற்றிலிருந்த உடும்பில் போய்ச் செருகி நின்றது என்று வன்பரணர் பாடியிருக்கிறார், புறநானூறு 152. அவன் குதிரைக்கும் ஓரி என்றுதான் பெயர். அவனைக் கொன்ற காரியின் குதிரைக்குப் பெயர் காரி. (அந்தக் காலத்தில் குதிரைக்குப் பெயர் வைக்க யாரும் இவ்வளவு மண்டையைப் பிய்த்துக்கொள்ளவில்லை போல.) ஆடி மாதம் கொல்லிமலையில் அரசாங்கமே வல்வில் ஓரிக்கு விழா எடுக்கிறது. என் வீட்டில் அவன் பிஸ்கட்.

மறுநாள் பெரிய மாமா போன் செய்தார். அகராதி பார்த்தாராம். "ஓரின்னா கிழநரின்னு போட்டிருக்கு மாப்பிள்ளை, தெரியுமா?" தெரியும். பிடரிமயிர் என்றும் பொருள் இருக்கிறது, அது அவர் கண்ணில் படவில்லை. போகட்டும். எனக்கு வயிறு எரிவது எதற்கென்றால், அதே மாமாவின் பேரன் பெயர் ஆரவ். "ஆரவ்னா அமைதியானவன், நெட்ல பார்த்துத்தான் வச்சோம்" என்று காதுகுத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னவர் அவர். சமஸ்கிருதத்தில் ஆரவம் என்றால் ஒலி, கூச்சல். தமிழில் நாம் ஆரவாரம் என்கிறோமே, அந்தச் சத்தம்! அந்தப் பையன் வீட்டுக்கு வந்தால் டிவி ரிமோட் பறக்கும், மீன் தொட்டி ஆடும். வலைத்தளம் சொன்ன பொருளுக்கு இல்லாவிட்டாலும் சொல்லின் பொருளுக்கு நியாயம் செய்கிறான் பிள்ளை. அவன் பெயருக்கு ஒருவரும் அகராதியைத் தொடவில்லை. தமிழ்ப் பெயர் என்றதும் மட்டும் அலமாரியிலிருந்து தூசி தட்டி எடுக்கிறார்கள்.

அந்தப் பெயர்ப் பட்டியல் போடும் தளங்களைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. எல்லாப் பெயருக்கும் பொருள் 'தனித்துவமானவன்', இல்லையென்றால் 'விஷ்ணு'. ரியானுக்குக் 'குட்டி அரசன்' என்று பொருள் போட்டு, பக்கத்திலேயே சமஸ்கிருதம் என்று எழுதியிருக்கிறார்கள். அந்தக் குட்டி அரசன் அயர்லாந்துக்காரன். நான் சமஸ்கிருதப் பெயரே ஆகாது என்கிறவன் இல்லை, என் பெயரே சமஸ்கிருதம்தான். ஆனால் வாய்க்கு வந்ததை ஒட்டுப்போட்டு, அதற்கொரு பொருளையும் காய்ச்சி ஊற்றினால் எப்படி?

அந்த நட்சத்திர எழுத்துகளும் லேசுப்பட்டவை இல்லை. பரணிக்கு லி, லு, லே, லோ. ல எழுத்தில் தமிழ்ச்சொல் தொடங்காது என்று தொல்காப்பியத்திலேயே இருக்கிறது. அஸ்தம் மூன்றாம் பாதத்துக்கு 'ண'. எங்கே, ண-வில் ஒரு பெயர் சொல்லுங்கள் பார்ப்போம்!

எண்கணிதக்காரர் தனிக்கதை. ஓரியை ஆங்கிலத்தில் இரண்டு ஓ போட்டு எழுதினால் கூட்டுத்தொகை 17, அதாவது 8, சனி, வேண்டவே வேண்டாம் என்றார். ஒரு ஓ போட்டால் 10, அது நல்ல எண்தானே என்றேன். "அப்படி எழுதினா ஆரின்னு படிப்பாங்க சார்" என்று கேட்டுக்கு வெளியே என்னை அனுப்பிவிட்டு, ஐந்நூறு ரூபாயை மட்டும் உள்ளே வைத்துக்கொண்டார்.

என் தாத்தா பெயர் மூக்கையா. அவருக்கு முன்னால் பிறந்த மூன்று பிள்ளைகளும் தங்கவில்லை. நாலாவது பிள்ளையாவது நிலைக்கட்டும் என்று மூக்கைக் குத்தி அந்தப் பெயரை வைத்தார்கள். குப்பையில் போட்டு எடுத்த பிள்ளைக்குக் குப்பன், பிச்சையெடுத்த காசில் வேண்டுதல் செலுத்திய பிள்ளைக்குப் பிச்சை. ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் ஒரு தாயின் பயம் இருந்தது. பெயரன் என்பதுதான் பேரன் ஆயிற்று, தாத்தா பெயரைச் சுமப்பவன் என்று. மூக்கையா என்று வைக்கிறேன் என்று நான் சொன்னால் என்ன ஆகும்? பிஸ்கட்டே பரவாயில்லை என்று ஆகிவிடும்.

பிறந்து 12 மாதத்துக்குள் என்றால் பெயரைக் கட்டணமில்லாமல் பதியலாம். இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. நேற்று மச்சினிச்சி 'ஓ'-வில் இருபத்தாறு பெயர் வாட்ஸப்பில் அனுப்பியிருக்கிறாள். முதல் பெயருக்கு எதிரே, 'பொருள்: தனித்துவமானவன்'.