சுட்ட பிறகு

போன சனி, ஞாயிறு இங்கே விஸ்கான்சினில் பிள்ளைகளுக்கான மான் வேட்டை நாட்கள். ஞாயிறு மாலை எங்கள் தமிழ் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. யாரோ ஒருவருடைய ஆபீஸ் நண்பரின் பையன். எட்டு வயது இருக்கும். வேட்டைக்காரர்கள் போடும் பளீரென்ற ஆரஞ்சுச் சட்டை, பக்கத்தில் கொம்புள்ள மான் ஒன்று நாக்குத் தொங்கக் கிடக்கிறது. பையனின் இரண்டு கன்னத்திலும் அந்த மானின் ரத்தத்தைக் கோடாக இழுத்துவிட்டிருக்கிறார்கள். முதல் மான் விழுந்தால் அப்படிப் பூசிவிடுவது சில குடும்பங்களில் வழக்கம்.

குழு இரண்டாகப் பிரிந்தது. பாதிப் பேர் கட்டைவிரல் உயர்த்தினார்கள். மீதிப் பேர், "ஐயோ பாவம், என்ன பெற்றோரோ" என்றார்கள். என் மகளையும் நான் வேட்டைக்குக் கூட்டிப் போனேன் என்று தெரிந்த நண்பர் ஒருவர், "நீங்களே சொல்லுங்க, இது சரியா?" என்று என் பெயரைச் சேர்த்துக் கேட்டார். அங்கே பதில் எழுதவில்லை. நாலு வரியில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது மேடிசனுக்கு மேற்கே, விஸ்கான்சின் ஆற்றுப் பக்கம். நவம்பரில், தேங்க்ஸ்கிவிங் எனும் நன்றி நாளுக்கு முந்தைய சனிக்கிழமை துப்பாக்கி சீசன் தொடங்கும். 9 நாள். சுமார் 5.5 லட்சம் பேர் அனுமதிச் சீட்டு வாங்குகிறார்கள். பெட்ரோல் பங்க், மளிகைக் கடை, சர்ச் வாசல், எங்கே பார்த்தாலும் ஆரஞ்சுச் சட்டைதான். பள்ளியில் திங்கட்கிழமை பாதிப் பிள்ளைகள் மான் கதையோடு வருவார்கள். நம் பிள்ளைகள் அந்தக் கதைகளைக் கேட்டுக்கொண்டேதான் இங்கே வளர்கிறார்கள்.

பக்கத்து நிலத்துக்காரர் ஒருவர். நாற்பது வருடம் மாடு வைத்துப் பால் கறந்தவர், இப்போது ஓய்வு. என் மகள் அவரைத் தாத்தா என்றே கூப்பிடுவாள், அவருக்கும் பழகிவிட்டது. வருடா வருடம் மான்கறி சாசேஜ் கொடுப்பார். மகளுக்கு பதினொன்று நடக்கும்போது, "தாத்தா, அடுத்த வருஷம் நானும் வரலாமா?" என்று அவளாகவே கேட்டாள். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

என் பயத்தை மறைக்க விரும்பவில்லை. இந்த நாட்டில் பள்ளிக்கூடத்தில் யாராவது துப்பாக்கியோடு நுழைந்தால் எப்படி ஒளிந்துகொள்வது என்று ஒத்திகை பார்த்து வளர்கிற பிள்ளை அவள். கதவைப் பூட்டி, விளக்கை அணைத்து, மேஜைக்கு அடியில் உட்காரச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அவள் கையிலேயே ஒரு ரைபிளைக் கொடுப்பதா? இன்னொரு பயமும் இருந்தது, அதை வெளியே யாரும் பேசுவதில்லை. 2004 நவம்பரில் இதே மாநிலத்தின் வடக்கே, சாயர் கவுண்டியில், லாவோஸ் பக்கமிருந்து அகதிகளாக வந்த ஹ்மாங் இனத்து வேட்டைக்காரர் ஒருவருக்கும் வெள்ளைக்கார வேட்டைக்காரர்களுக்கும் நடந்த தகராறில் 6 பேர் செத்துப்போனார்கள். மாநிறத்தில் ஒருவன் காட்டுக்குள் துப்பாக்கியோடு நடந்தால் யார் என்ன நினைப்பார்கள் என்ற எண்ணம் எனக்கு இல்லாமல் இல்லை. அதனால் முதலிலேயே முடிவு செய்தேன்: பெரியவரின் சொந்த நிலம் மட்டும், அவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். துப்பாக்கி எங்கள் வீட்டுக்குள் வராது, அவருடைய இரும்புப் பெட்டியில்தான் இருக்கும். இன்றுவரை அப்படித்தான்.

இங்கே 1973 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த எவரும் தனியாக வேட்டைச் சீட்டு வாங்க, வேட்டைப் பாதுகாப்பு வகுப்பில் தேறியிருக்க வேண்டும். நானும் மகளும் ஒன்றாகப் போய் உட்கார்ந்தோம். நான்கு விதிகளை மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். எந்தத் துப்பாக்கியையும் தோட்டா உள்ளதாகவே நினை. குழல் முனையை எப்போதும் ஆபத்தில்லாத பக்கமாகவே வை. இலக்கையும் அதற்குப் பின்னால் இருப்பதையும் தெரிந்துகொள். சுடப்போகும் வரை விரலை விசைக்கு வெளியே வை. அவளுக்குப் பிடித்தது மூன்றாவது விதி. சைக்கிளில் திருப்பம் வந்தால்கூட, "பின்னாடி என்ன இருக்கு, பார்க்கணும்ல" என்பாள்.

முதல் வருடம் அவள் சுடவில்லை. மாலையில் ஒரு பெரிய ஆண் மான் மேட்டின் உச்சியில் வந்து நின்றது. பெரியவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் ரைபிளை எடுத்தாள், பார்த்தாள், மறுபடி துப்பாக்கியின் பாதுகாப்புப் பூட்டை மாட்டிவிட்டாள். "பின்னால வானம்தான்ப்பா தெரியுது" என்றாள். மேட்டுக்கு அந்தப் பக்கம் வீடோ, ஆளோ, சாலையோ, எங்களுக்குத் தெரியாது. மான் நடந்து போய்விட்டது. பெரியவர் பிளாஸ்கைத் திறந்து அவளுக்குத்தான் முதலில் ஊற்றிக் கொடுத்தார்.

போன வருடம் நடந்ததுதான் நான் சொல்ல வந்தது.

சீசனின் முதல் சனிக்கிழமை. விடிவதற்கு முன்பே கூடாரம் மாதிரியான மறைவிடத்துக்குள் போய் உட்கார்ந்தோம். பூஜ்யத்துக்குக் கீழே ஏழு டிகிரி. எட்டரை மணிவாக்கில் ஒரு பெண் மான், தனியாக, ஓக் மரங்களை ஒட்டி இறங்கி வந்தது. அறுபது கெஜம் இருக்கும். பின்னால் மண்மேடு. அவள் நிதானமாகக் காத்திருந்துதான் சுட்டாள். ஆனால் விசையை அழுத்திய அந்த நொடியில் மான் ஒரு எட்டு முன்னால் வைத்துவிட்டது. முதுகைக் கூனிக்கொண்டு, வாலைத் தாழ்த்தி ஓடியது. பெரியவர் முகம் மாறியதைப் பார்த்தேன்.

அது நின்ற இடத்தில் ஓக் சருகுகள் மேல் ரத்தம். கருஞ்சிவப்பு. "ஈரல்ல பட்டிருக்கு" என்றார். நுரையீரலில் பட்டிருந்தால் நுரைத்த, வெளிர்ச் சிவப்பு ரத்தம் வரும், மான் நூறு கெஜத்துக்குள் விழுந்துவிடும். ஈரலில் பட்டால் உடனே துரத்தக் கூடாது. துரத்தினால் உயிரைப் பிடித்துக்கொண்டு மைல் கணக்கில் ஓடும், எங்காவது கிடந்து சாகும், யாருக்கும் கிடைக்காது. விட்டால் பக்கத்திலேயே படுத்துவிடும். மூன்று, நான்கு மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

அந்த மூன்றரை மணி நேரத்தை நான் மறக்க மாட்டேன். பெரியவர் வீட்டுச் சமையலறை. அவருடைய மனைவி சுட்டு வைத்த பான்கேக்கை மகள் தொடவே இல்லை. தட்டையே பார்த்துக்கொண்டிருந்தவள் கேட்டாள், "அப்பா, அது இன்னும் உயிரோட இருக்குமா?"

"இருக்கலாம்டா."

"வலிக்குமா?"

"வலிக்கும்."

வேறு எதையாவது சொல்லித் தேற்றியிருக்கலாம். வாய் வரவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான் செய்ய முடிந்தது. சிவகங்கைப் பக்கம் எங்கள் ஊரில் ஒரு கிடா வளர்த்தோம். எனக்கு ஆறு வயது, நான்தான் அகத்திக்கீரை போடுவேன். கருப்பனுக்கு நேர்ந்துவிட்டது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. கோயிலில் விளையாடிவிட்டு வந்து, இலையில் உட்கார்ந்து இரண்டு தடவை கறி வாங்கிச் சாப்பிட்டேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து கொட்டகையைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அழுதேன். "ஆம்பளப் புள்ள இதுக்கெல்லாமா அழுவுறது" என்றார்கள். யார் மேலும் குற்றமில்லை, அன்றைக்கு வழக்கம் அப்படி. ஆனால் என் மகளுக்கு அப்படி நடக்கக் கூடாது என்று இருந்தது.

மதியம் தேடப் போனோம். ஒவ்வொரு ரத்தச் சொட்டின் பக்கத்திலும் ஒரு துண்டு டிஷ்யூ பேப்பரை வைத்துக்கொண்டே போக வேண்டும். தடம் தவறினால் திரும்பிப் பார்த்துத் திசை பிடிக்கலாம். குனிந்து, ஒவ்வொரு சருகாகப் பார்த்து, மகள்தான் முன்னால் போனாள். ஒரு இடத்தில் இருபது நிமிஷம் எதுவுமே கிடைக்கவில்லை. பிறகு ஒரு புல்தாளில், குண்டூசித் தலை அளவு. ஓடைக் கரையில் புதருக்குள் மான் சுருண்டு கிடந்தது. செத்து வெகு நேரமாகியிருக்கவில்லை. உடம்பில் சூடு இருந்தது.

அவள் மண்டியிட்டு அதன் கழுத்தில் கை வைத்தாள். அப்போதுதான் அழுதாள். பெரியவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு சற்றுத் தள்ளிப் போய் நின்றார். யாரும் படம் எடுக்கவில்லை.

குடலெடுத்ததும் அவள்தான். பெரியவர் சொல்லச் சொல்ல, நான் பின்னங்காலைப் பிடித்துக்கொள்ள. வயிற்றைத் திறந்ததும் குளிரில் ஆவி குபுகுபுவென்று எழுந்தது. இரைப்பையில் ஓக் கொட்டையும் மக்காச்சோளமும். ஈரலில் ஓட்டை. "இங்கதான்" என்று விரல் வைத்துக் காட்டினாள்.

இதைப் படிக்கிற பெற்றோருக்கு ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ஈயத் தோட்டா வேண்டாம். எலும்பில் பட்டால் சிதறி, கண்ணுக்குத் தெரியாத துணுக்காகக் கறிக்குள் ஓடிவிடும், காயத்தைச் சுற்றி வெட்டி எறிந்தாலும் மிஞ்சும். வளரும் பிள்ளைக்கு ஈயம் ஆகவே ஆகாது. காட்டில் விட்டுவருகிற குடலைத் தின்னும் வெண்தலைக் கழுகுகளும் அதனால்தான் சாகின்றன. குளிர்காலத்தில் சாக் ப்ரேரி பக்கம் ஆற்றங்கரை மரங்களில் அவை கூட்டமாக உட்கார்ந்திருப்பதை நாம் எல்லோரும் பிள்ளைகளைக் கூட்டிப் போய்க் காட்டுகிறோம். செம்புத் தோட்டா விலை கொஞ்சம் கூட. அது ஒரு செலவே இல்லை.

ஊருக்குப் போன் போட்டபோது அம்மா கத்தினார். "ஏண்டா, பொம்பளப் புள்ள கையில துப்பாக்கியக் குடுத்து மானச் சுட விட்டிருக்கியே, ஒனக்கு ஈரக்கொலை நடுங்கலையா?" ஆட்டுக்கு இப்படிக் கேட்டிருக்க மாட்டார். நமக்கு மான் வேறு. மான்விழி என்று பிள்ளைக்குப் பெயர் வைக்கிறவர்கள் நாம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு இந்தியாவில் மானைத் தொட்டால் ஜெயில், அது சரியான சட்டம்தான். இங்கே நிலைமை வேறு. ஓநாயையும் சிறுத்தை போன்ற பூமாவையும் வெள்ளைக்காரர்கள் கொன்று தீர்த்தார்கள், தின்ன விளைச்சல் நிலம் கிடைத்தது, மான் பெருகிவிட்டது. இந்த மாநிலத்தில் மட்டும் வருடத்துக்கு 15,000-க்கு மேல் வாகனங்கள் மானில் மோதுகின்றன. காட்டில் ஓக் கன்று தலையெடுக்க முடிவதில்லை. இதையெல்லாம் அம்மாவிடம் விளக்கவில்லை. "வீணாக்க மாட்டோம்மா, சாப்பிடத்தான்" என்று மட்டும் சொன்னேன். அம்மா கொஞ்சம் அடங்கினார். மகள் போனை வாங்கி, "அப்பத்தா, உப்புக்கறி எப்படிச் செய்யணும்?" என்று கேட்டாள். அரை மணி நேரம் பேசினார்கள்.

எங்கள் பகுதியில் மான்களுக்கு க்ரானிக் வேஸ்டிங் டிசீஸ் என்று ஒரு நோய் உண்டு. மூளையைத் தின்று, மெலிந்து சாகடிக்கும் நோய். 2002-ல் மேடிசனுக்கு மேற்கே இதே பக்கத்தில்தான் இந்த மாநிலத்தில் முதலில் கண்டுபிடித்தார்கள். வெகுகாலம் மான் பார்க்க நன்றாகவே இருக்கும். நோயைக் கொண்டுவருவது உருக்குலைந்த ஒரு புரதம், சமைத்தாலும் உறைய வைத்தாலும் அது அழியாது. மனிதருக்கு வந்ததாக இதுவரை சான்று இல்லை, ஆனாலும் நோயுள்ள கறியைச் சாப்பிட வேண்டாம் என்றுதான் சுகாதாரத் துறையினர் சொல்கிறார்கள். அதனால் தலையை வெட்டி, சோதனைக்கென்று வைத்திருக்கும் பெட்டியில் போட்டுவிட்டு வந்தோம். கறியைப் பிரித்துப் பொட்டலம் கட்டி ஃப்ரீசரில் வைத்தோம். ஒவ்வொரு பொட்டலத்திலும் மகள் மார்க்கரில் தமிழில் எழுதினாள். "தொடை." "சுக்கா." "அப்பத்தா உப்புக்கறி." எழுத்து கோணல்மாணல்தான், ஒரு பிழை இல்லை.

பன்னிரண்டாம் நாள் முடிவு வந்தது. நோய் இருக்கிறது.

அத்தனை பொட்டலத்தையும் இரண்டு பை போட்டுக் கட்டிக் குப்பைக்கு அனுப்பினோம். அவளே எடுத்து எடுத்துக் கொடுத்தாள். கடைசிப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "அப்போ எதுக்குப்பா நான் அதைக் கொன்னேன்?" என்றாள்.

நோயுள்ள மானுக்குப் பதிலாக இன்னொன்றுக்கு இலவசச் சீட்டு தருகிறார்கள். ஒரு நோயாளி மானை மந்தையிலிருந்து எடுத்ததும் நல்லதுதான் என்று சொல்வார்கள். இரண்டும் உண்மை, இரண்டையும் அவளிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். சீட்டு வேண்டாம் என்றாள். அவள் கேள்விக்கு அது பதில் இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். அம்மாவிடம் நான் சொன்ன ஒரே நியாயமும் அந்தப் பையோடு போய்விட்டது. அன்று இரவு அவளோடு படிக்கட்டில் வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். கிடாய்க் கதையை அன்றுதான் முதல்முறையாக அவளுக்குச் சொன்னேன்.

நண்பரே, உங்கள் கேள்விக்கு வருகிறேன். பிள்ளையை வேட்டைக்குக் கூட்டிப் போவது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பிள்ளை தானாகக் கேட்க வேண்டும், ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்க வேண்டும். சுடாமல் திரும்பினாலும் அப்பன் முகம் வாடாது என்று அந்தப் பிள்ளைக்கு நிச்சயமாகத் தெரிந்திருக்க வேண்டும். சுட்டுவிட்டால், அடுத்த மூன்றரை மணி நேரமும், அடுத்த பன்னிரண்டு நாளும், அதற்குப் பிறகும் கூடவே உட்கார உங்களுக்குத் தெம்பு வேண்டும். எட்டு வயதுப் பிள்ளை "அது இன்னும் உயிரோட இருக்குமா" என்று கேட்டால் "இருக்கலாம்" என்று சொல்லி, அந்தப் பதிலோடு அதை விட்டுவிட முடியுமா? என்னால் முடியாது. இந்த மாநிலத்தில் முன்பு துணையோடு வேட்டையாடவே 10 வயதாக வேண்டும். 2017-ல் அந்த வரம்பையே எடுத்துவிட்டார்கள். அது தவறு என்று நினைக்கிறேன். என் வகுப்பில் இருந்த வேட்டைக்காரர்களிலும் பலர் அப்படித்தான் நினைத்தார்கள்.

அந்தப் படத்தைப் பற்றி: கன்னத்தில் ரத்தம் பூசிச் சிரிக்கச் சொல்லும்போது, அழ நினைத்திருந்தால்கூட அந்தப் பையனால் அழ முடியாது. எனக்குப் பதறியது அங்கேதான். மான் செத்ததற்காகப் "பாவம்" என்று போட்டுவிட்டுச் சனிக்கிழமை கறிக்கடையில் வரிசையில் நிற்கிற நம் ஆட்களும் அந்தப் பையனைக் கவனிக்கவில்லை.

இந்த வருட சீசனுக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. பெரியவர் மறைவிடத்தைச் சரிசெய்து வைத்துவிட்டார். மகளின் ஆரஞ்சுச் சட்டை கையில் கட்டையாகிவிட்டது, புதிதாக வாங்க வேண்டும். வருகிறேன் என்றோ வரவில்லை என்றோ அவள் இதுவரை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.