நகல் வாங்கிப் பார்த்தால் தெரியும்
தேர்வு விடைத்தாள் மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்டுவது வீண், மதிப்பெண் மாறவே மாறாது என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. என் அக்கா மகள் பிளஸ் டூ வேதியியலில் எழுத்துத்தேர்வு 70க்கு 58 வாங்கினாள். விடைத்தாள் நகலை எடுத்துப் பார்த்தால், கடைசிப் பக்கத்தில் எழுதிய ஐந்து மதிப்பெண் விடையில் திருத்தியவரின் பேனாவே படவில்லை! மறுமதிப்பீட்டில் 63 ஆனது. நகலைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு விண்ணப்பிப்பதுதான் வீண். அப்புறம், பள்ளிப் பெயரைப் பார்த்து மார்க் போடுகிறார்கள் என்று மேலே கருத்து எழுதிய ஒருவர் சொல்லியிருக்கிறார். பெயர், பதிவெண் உள்ள முகப்புச் சீட்டைக் கிழித்துவிட்டு, பதிவெண்ணுக்குப் பதிலாகப் போடும் டம்மி எண்ணோடுதான் தாள் திருத்துபவர் கைக்குப் போகிறது. அவசரத்தில் பக்கத்தைப் புரட்டாமல் விடுவதுதான் நடக்கிறது.