கொடுமுடியைப் பற்றி மேடையில் வாசித்த அந்த இரண்டு வரி

ஞாயிற்றுக்கிழமை விழாவில் நடந்ததை நேரில் பார்த்தவர்களும் காணொளியில் பார்த்தவர்களும் இங்கே நிறையப் பேர் இருப்பதால், அதை முழுவதும் விவரிக்கப் போவதில்லை. மூன்று நாள் பொறுத்துப் பார்த்தேன், மனம் ஆறவில்லை. ஈரோடு மாவட்டத்து ஊர்களை மேடையில் ஒவ்வொன்றாக அறிமுகப்படுத்திக்கொண்டு வந்த பேச்சாளர், எங்கள் ஊரான கொடுமுடியின் முறை வந்ததும் மக்கள்தொகையை வாசித்தார். "ஆற்றங்கரையில் உள்ள சிறிய ஊர், கோயில் ஒன்று உண்டு, வேறு குறிப்பிடும்படி எதுவுமில்லை" என்று சொல்லிவிட்டு அடுத்த தாளைப் புரட்டினார். அரங்கில் சிலர் சிரித்தார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம்பி மகன், ஏழாம் வகுப்புப் படிக்கிறவன், என் முகத்தைப் பார்த்தான். அவனுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தலைகளின் எண்ணிக்கை வேறு, ஊர் வேறு. இதைத்தான் இந்தப் பதிவு முழுக்கச் சொல்லப் போகிறேன்.

முதலில் அந்த எண்ணையே எடுத்துக்கொள்வோம். அவர் வாசித்தது 2011 கணக்கெடுப்பின் எண். 2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு பெருந்தொற்றால் தள்ளிப்போனது. 2011இன் எண்ணை இன்றைய நிலவரம் போல மேடையில் வாசிப்பதே முறையல்ல. அந்த எண் பேரூராட்சி எல்லைக்குள் குடியிருப்பவர்களை மட்டும் எண்ணுகிறது. தேங்காய், கொப்பரை, எள் மூட்டைகளோடு சாலைப்புதூர் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு ஏலத்துக்கு வருகிற சுற்றுப்பட்டு விவசாயிகளும், நல்லது கெட்டதுக்கு இங்கேயே வந்து போகிற நூறு ஊர்க்காரர்களும் அதில் இல்லை. நகர்ப்புற உள்ளாட்சி அமைப்பு இல்லாத ஓர் இடத்தை நகரமாகக் கொள்ள, 5,000 பேருக்குக் குறையாத மக்கள்தொகையும், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர் என்ற அடர்த்தியும், ஆண் தொழிலாளர்களில் 75 விழுக்காட்டினர் வேளாண்மை அல்லாத வேலையில் இருப்பதும் தேவை என்று கணக்கெடுப்புத் துறை விதி வைத்திருக்கிறது. அந்த விதி கணக்கெடுப்பவர்களின் வசதிக்காக ஏற்பட்டது. மஞ்சள் போடுகிறவனும் தென்னை வைத்திருக்கிறவனும் எத்தனை பேர் கூடுகிறார்களோ, அத்தனைக்கு ஓர் இடம் நகரம் என்ற தகுதியிலிருந்து விலகிப் போகும் என்ற அளவுகோலைக் கொண்டு ஓர் ஊரின் மதிப்பை எப்படி அளக்க முடியும்?

இனி "ஆற்றங்கரையில் உள்ள" என்ற சொல்லுக்கு வருகிறேன். எந்த ஆறு, அது இங்கே என்ன செய்கிறது என்று அவர் ஒரு நிமிடம் வரைபடத்தைப் பார்த்திருக்கலாம். மேட்டூரிலிருந்து தெற்கு நோக்கி இறங்கி, பவானிக் கூடுதுறையில் பவானியைச் சேர்த்துக்கொண்டு, ஈரோட்டைக் கடந்து வருகிற காவிரி, எங்கள் ஊரில்தான் கிழக்கே திரும்புகிறது. திருச்சியும் தஞ்சையும் பூம்புகாரும் அந்தத் திருப்பத்துக்குப் பிறகு வருகிறவை. ஊருக்குக் கீழே சிறிது தொலைவில் நொய்யல் வந்து கலக்கிறது. பவானி ஆற்றிலிருந்து புறப்பட்டு, ஏறத்தாழ 90 கிலோமீட்டர் கோணிக் கோணி ஓடிவருகிற காலிங்கராயன் வாய்க்கால், ஆவுடையார்பாறையில் எங்கள் பக்கத்தில்தான் முடிகிறது. 13ஆம் நூற்றாண்டில் வெட்டிய வாய்க்கால் இன்றைக்கும் மஞ்சளுக்கும் கரும்புக்கும் வாழைக்கும் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருக்கிறது. ஒரு பேராற்றின் திருப்பமும் ஒரு பழைய வாய்க்காலின் கடைமடையும் அருகருகே வாய்த்த ஊருக்குக் குறிப்பிடும்படி எதுவுமில்லை என்றால், எதைக் குறிப்பிடுவார்கள்?

"கோயில் ஒன்று உண்டு" என்றார். கொங்கு நாட்டில் தேவாரப் பாடல் பெற்ற தலங்கள் ஏழு. அதில் ஒன்று மகுடேசுவரர் கோயில். சம்பந்தர், அப்பர், சுந்தரர் மூவரும் பாடியிருக்கிறார்கள். சுந்தரரின் நமச்சிவாயப் பதிகத்தில் "கறையூரில் பாண்டிக் கொடுமுடி" என்று எங்கள் ஊரின் பழைய பெயரே இருக்கிறது. சிவன், திருமால், பிரமன் மூவருக்கும் ஒரே வளாகத்தில் சந்நிதி உண்டு, பிரமன் வன்னி மரத்தடியில் இருக்கிறார். இவையெல்லாம் ஒரு மணி நேரம் நூலகத்தில் உட்கார்ந்தால் கிடைக்கிற செய்திகள்.

என் அம்மாயி வீடு ஆற்றுக்குப் போகிற தெருவில் இருந்தது. பங்குனி, சித்திரையில் கொங்கு நாட்டின் மூலை முடுக்குகளிலிருந்து மாரியம்மன் நோன்பிக்குத் தீர்த்தம் எடுக்க ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். இரவு இரண்டு மணிக்குத் தப்பட்டைச் சத்தம் கேட்டால் அம்மாயி எழுந்து திண்ணையில் மோர்ப்பானையை எடுத்து வைத்துவிடுவார். குடத்தின் வாயில் வேப்பிலையைச் செருகித் தலையில் தூக்கிக்கொண்டு நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் நடந்தே போகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். "எந்த ஊருங்க சாமி?" என்று அம்மாயி ஒவ்வொரு கூட்டத்தையும் கேட்பார். அவர்கள் சொல்கிற ஊர்ப் பெயர்களைக் கேட்டுத்தான் நான் கொங்கு நாட்டின் நிலவியலைக் கற்றேன். பழனிக்குக் காவடி கட்டுகிறவர்களும் இங்கே வந்துதான் தீர்த்தம் முத்திரித்துக்கொண்டு போனார்கள். எங்கள் படித்துறைத் தண்ணீர் போய்ச் சேராமல் எத்தனையோ ஊர்களில் நோன்பி நிறைவு பெறாது. அந்த ஊர்களின் மக்கள்தொகையை யாருடைய கணக்கில் சேர்ப்பது?

என் வருத்தத்தைக் கேள்விப்பட்டு, "உள்ளூர்ப் பற்றில் பேசுகிறீர்கள்" என்று ஒருவர் எழுதியிருந்தார். ஆம், பற்றில்தான் பேசுகிறேன். அதில் என்ன தவறு இருக்கிறது?

"எத்தனை நாளைக்குக் கே.பி.எஸ். பெயரையே சொல்லிக்கொண்டிருப்பீர்கள்?" என்று இன்னொருவர் கேட்டார். பாடகியும் நடிகையுமான கே.பி. சுந்தராம்பாளின் பெயரை மேடையில் யாரும் சொல்லவில்லை என்பதுதானே என் வருத்தம்! 1908இல் இந்த ஊரில் பிறந்து, வறுமையில் வளர்ந்து, ஊர்ப் பெயரையே தன் பெயரின் முதலெழுத்தாகக் கடைசிவரை வைத்திருந்தவர் கொடுமுடி பாலாம்பாள் சுந்தராம்பாள். கதாநாயகர்களே அவ்வளவு கேட்காத காலத்தில், 1935இல் வெளிவந்த படத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் ஊதியம் பெற்றார். 1951இல் சென்னை மாகாணச் சட்ட மேலவைக்குப் போனார். இந்தியத் திரைக்கலைஞர்களில் சட்டமன்ற அவைக்குள் அடியெடுத்து வைத்தவர்களில் அவரே முதல்வர் என்று சொல்லப்படுகிறது. அவரைச் சொல்லாமல் ஊரை மட்டும் சொல்வது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவதாக ஒரு கேள்வி வந்தது. "பேசுகிற நீங்கள் ஊரிலேயே இருக்கிறீர்களா? இளையவர்கள் எல்லாம் திருப்பூருக்கும் கோவைக்கும் போய்விட்டார்கள். ஊர் சுருங்கியது உண்மைதானே?" இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. நானும் கோவையில்தான் இருக்கிறேன். எங்கள் தெருவில் பத்து வீட்டுக்கு நான்கு வீடு பூட்டியிருக்கிறது. மீதி வீடுகளில் வயதானவர்கள் இருக்கிறார்கள். 2018 ஆகஸ்டில் மேட்டூரிலிருந்து விநாடிக்கு 2 லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் திறந்து, ஆற்றோர வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தபோது, அந்த வயதானவர்களைத் தூக்கி மேட்டுக்குக் கொண்டுவர ஒவ்வொரு வீட்டிலும் ஆள் இல்லை. அடுத்த தெருக்காரர்கள்தான் தூக்கினார்கள்.

ஆனால் போனவர்கள் ஏன் போனார்கள் என்று அந்த மேடையில் யாராவது கேட்டார்களா? திட்டமும் நிதியும் மக்கள்தொகையைப் பார்த்து வருகின்றன. வேலையும் படிப்பும் இல்லாமல் ஆள் குறைந்தால் வருவதும் குறைகிறது, அதனால் இன்னும் ஆள் குறைகிறது. 1860களிலேயே இருப்புப்பாதை வந்த ஊர் இது. ஈரோட்டு வட்டத்திலிருந்து பிரிந்து தனி வட்டமாவதற்கு 2016 வரை காத்திருந்தோம். அந்த எண்ணை எங்கள் முன்னாலேயே வாசித்து, அதை எங்கள் குற்றம் போலச் சிரிக்கிறீர்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கல்லூரியில் சேர்ந்த முதல் நாள், விடுதி அறையில் எந்த ஊர் என்று கேட்டார்கள். "ஈரோடு" என்றேன். கொடுமுடி என்றால் தெரியாது, தெரிந்தாலும் சிறிய ஊர் என்பார்கள் என்று பயந்தேன். மூன்று ஆண்டும் அப்படியே சொன்னேன். பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது அப்பா யாரிடமோ, "எங்க பையன் ஈரோட்டுக்காரன்னு சொல்றானாமா" என்று சொன்னது என் காதில் விழுந்தது. அவர் என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்பா போய்ப் பதினொரு ஆண்டுகள் ஆகின்றன. ஞாயிற்றுக்கிழமை அரங்கில் சிரிப்புக் கேட்டபோது எனக்கு அந்தப் பொங்கல்தான் நினைவுக்கு வந்தது. என் தம்பி மகன் அப்படி ஒரு பதிலை எந்த விடுதியிலும் சொல்லக் கூடாது.

விழா மலரிலும் அதே இரண்டு வரிதான் அச்சாகியிருக்கிறது. மறுபதிப்பு வரும் என்கிறார்கள். நடத்தியவர்கள் இதைப் படிப்பார்கள் என்பதால் கேட்கிறேன்: இடம் இருந்தால் ஆறு திரும்புவதையும், வாய்க்கால் முடிவதையும், தீர்த்தக் குடங்களையும், கே.பி.எஸ்.ஸையும் எழுதுங்கள், வேண்டிய குறிப்புகளை நானே தருகிறேன். இடம் இல்லையென்றால் அந்த இரண்டு வரியை எடுத்துவிட்டு, கொடுமுடி என்று பெயரை மட்டும் போட்டுவிடுங்கள்.