எண்ணூர் கழிமுகம்: விட்டுப்போன ஒரு கணக்கு

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு சென்னைக்கு வடக்கே எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் கலந்ததால் ஏற்பட்ட மீனவர் இழப்பைப் பற்றிய உங்கள் கட்டுரை நன்று. ஆனால் அதன் இழப்புக் கணக்கில் படகும் வலையும்தான் இருக்கின்றன. இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, பிடித்ததைப் போடும் கூடையான பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பவர்களும் இருக்கிறார்களே! அவர்களிடம் படகும் இல்லை, வலையும் இல்லை. அவர்கள் இழப்பை எதை வைத்துக் கணக்கிடுவது?

அந்த நாட்களில் மீனவர்களே குவளையாலும் வாளியாலும் எண்ணெயை அள்ளினார்கள். அலையாத்தி மரங்களின் மூச்சுவேர்கள் தார் பூசியதுபோல் கறுத்து நின்றன. அதைப் பார்த்தபின் மீனைக் கழுவும்போதெல்லாம் அந்த நாற்றம்தான் எனக்கு நினைவுக்கு வருகிறது.

எண்ணெய் ஒருநாள் வந்தது, சரி. அனல்மின் நிலையச் சாம்பல் பல வருடங்களாகப் படிந்து கழிமுகத்தின் ஆழத்தையே குறைத்துவிட்டதே! கடல் இறாலின் குஞ்சு வந்து வளர்வது இந்த உப்பங்கழியில்தான். இது மேடாகிப் போனால் கடலுக்குப் போகும் படகுக்கும் வரவு குறையும். அடுத்த கட்டுரையில் அந்தச் சாம்பலைத் தூர்வாரும் பணி எந்த அளவில் இருக்கிறது என்று எழுதுங்கள்.