ஆல் லியோங்கை மறக்க முடியுமா?
'சண்டைக் கலைஞர்களின் முகம் ரசிகர் மனத்தில் பதிவதே இல்லை' என்று சினிமா சண்டைக் கலைஞர்களைப் பற்றிய ஒரு கட்டுரையில் எழுதியிருப்பதை ஏற்க முடியவில்லை. ஹாலிவுட் சண்டைக் கலைஞர் ஆல் லியோங் ஒருவர் போதாதா? 1988இல் வந்த 'டை ஹார்ட்' படத்தில், போலீஸார் கட்டடத்துக்குள் நுழையப் போகிற நேரத்தில், துப்பாக்கியோடு மிட்டாய்க் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் பதுங்கியிருப்பார். அக்கம்பக்கம் ஒரு பார்வை. மெல்லக் கையை விட்டு ஒரு சாக்லேட்டை எடுத்துக்கொள்வார். வசனமே கிடையாது. அந்தச் சில நொடிகளுக்காகவே படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். முந்தைய ஆண்டு 'லீத்தல் வெப்பன்' படத்தில் மெல் கிப்சனுக்கு மின்சாரம் பாய்ச்சிச் சித்திரவதை செய்தவரும் இவர்தான்; 1989இல் ஒரு நகைச்சுவைப் படத்தில் செங்கிஸ்கானாகவும் வந்தார். அந்தத் தொங்கு மீசையைக் கண்டதுமே அடையாளம் தெரிந்துவிடும். ரசிகர்கள் மறக்கவில்லை, மறந்தது ஆஸ்கர் குழுதான். சண்டை வடிவமைப்புக்கென்று ஒரு விருதை 2027இல் வெளியாகும் படங்களிலிருந்துதான் தரப்போகிறார்கள். இத்தனை தாமதத்துக்கு என்ன நியாயம் சொல்ல முடியும்?