உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டது குற்றமா?

ஞாயிற்றுக்கிழமை நம் வாட்சாப் குழுவில் நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். ஓர் அண்ணன் விற்கும் மூட்டுவலி கேப்சூல், அதைப் பற்றி நான் கேட்டதற்குச் சிரித்துக்கொண்டே அவர் போட்ட குரல் பதிவு, அதற்கு விழுந்த கைதட்டல் படங்கள். மறுபடியும் விவரிக்கத் தெம்பில்லை.

நான் கேட்டது ஒரே கேள்வி. உள்ளே என்ன இருக்கிறது? அவ்வளவுதான். ஏமாற்றுகிறீர்கள் என்று சொல்லவில்லை. வாங்காதீர்கள் என்றுகூடச் சொல்லவில்லை. டப்பாவில் ஓடும் குதிரைப் படம் இருக்கிறது, "100% மூலிகை" என்று இருக்கிறது, இரண்டே நாளில் வலி பறந்துவிடும் என்று இருக்கிறது. எந்த மூலிகை, எவ்வளவு, யார் தயாரித்தது, எந்த ஊரில், ஒன்றும் இல்லை. அதைக் கேட்டதற்கு, "நாலு எழுத்துப் படிச்சிட்டா நம்ம பாரம்பரியத்தையே சந்தேகப்படுவியா தங்கச்சி" என்று பதில். பாரம்பரியம் எங்கே வந்தது அண்ணே? நான் டப்பாவைப் பற்றிக் கேட்டேன்.

இரண்டு நாளில் வலி பறக்கும் என்பதுதான் எனக்குப் பயமே. ஏன் என்று எங்கள் வீட்டுக்கு வந்து போனவர்களுக்குத் தெரியும். அப்பா இதே மாதிரி ஒன்றைச் சாப்பிட்டார். யாரோ மலேசியாவில் ஜொகூர் போனபோது வாங்கி வந்தது. முதல் வாரமே மின்தூக்கிக்குக் காத்திருக்காமல் படியேறினார். பசி என்றால் அப்படியொரு பசி. முகம் உருண்டு திரண்டு பளபளவென்று ஆனது. வந்த சொந்தமெல்லாம் "மாமாவுக்கு முகத்துல களை வந்துருச்சு" என்றார்கள். சர்க்கரை ஏறியது, பிரஷர் ஏறியது, லேசாக இடித்துக்கொண்டாலே தோல் கன்றிப்போனது. டப்பா தீர்ந்த சில நாளில் குளியலறையில் சுருண்டு விழுந்தார். மருத்துவமனையில் வேறு என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று கேட்டபோது அம்மா சொன்னது: "மருந்தெல்லாம் ஒண்ணும் இல்ல டாக்டர், மூலிகைதான்." சோதித்தால் டெக்ஸாமெத்தசோன். வலியையும் வீக்கத்தையும் அமுக்கும் ஸ்டீராய்டு மருந்து. வெளியிலிருந்து அது வந்துகொண்டே இருந்தால் உடம்பு தனக்கு வேண்டிய ஸ்டீராய்டைத் தானே சுரப்பதையே குறைத்துக்கொள்ளுமாம். சட்டென்று நின்றால் ஆள் விழுவார்.

"சிங்கப்பூர்ல விக்கிறாங்கன்னா அரசாங்கம் பார்க்காமலா விடும்?" இதைக் கேட்டவர்கள்தான் அதிகம். சத்து மாத்திரை, நம் லேகியம், சூரணம் இவற்றை இறக்குமதி செய்யவோ விற்கவோ, இங்கே மருந்துகளைக் கட்டுப்படுத்தும் அரசு அமைப்பான சுகாதார அறிவியல் ஆணையத்தின் முன் அனுமதி தேவையில்லை. டப்பாவில் அடைத்து வரும் சீன மருந்துகளையாவது விற்பனைக்கு முன் ஆணையத்தின் பட்டியலில் சேர்த்தாக வேண்டும். நம்முடையதற்கு விற்கிறவரே பொறுப்பு. ஈயமும் பாதரசமும் இவ்வளவுக்கு மேல் போகக் கூடாது, டாக்டர் எழுதித் தரும் மருந்தைக் கலக்கக் கூடாது என்று விதி உண்டு, ஆணையம் எடுத்துச் சோதிக்கவும் செய்கிறது. ஆனால் வாட்சாப்பில் பேசி, அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே கைமாறும் டப்பாவை எந்த அதிகாரி வந்து சோதிப்பார்?

2002-ல் ஸ்லிம் 10 என்ற மெலிவு மாத்திரையால் நடிகை ஆண்ட்ரியா டி குரூஸின் ஈரல் செயலிழந்தது. பிறகு அவருக்குக் கணவரான பியர் பிங் தன் ஈரலில் ஒரு பகுதியைக் கொடுத்துக் காப்பாற்றினார். அதே மாத்திரையைச் சாப்பிட்ட இன்னொரு பெண் இறந்தே போனார். 2008-ல் ஆண்மைக்கு என்று திருட்டுத்தனமாக விற்ற மாத்திரைகளில் கிலிபென்கிளமைட் கலந்திருந்தது. அது நீரிழிவு மருந்து. ஐந்தே மாதத்தில், நீரிழிவே இல்லாத ஏறக்குறைய 150 பேர் ரத்தத்தில் சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கி மருத்துவமனைக்குப் போனார்கள். 4 பேர் உயிரோடு திரும்பவில்லை. எல்லாம் இதே ஊரில்தான் நடந்தது.

"கலப்படம் செய்றவன் கேட்டா மட்டும் சொல்லிடுவானா?" என்று ஒருவர் மடக்கினார். சொல்லமாட்டான். பெயரும் விலாசமும்கூடப் போடமாட்டான். அப்படிப்பட்டவனிடம் வாங்காதீர்கள். சரி, ஞாயிற்றுக்கிழமை சொல்லாததை இப்போது சொல்லிவிட்டேன். வாங்காதீர்கள்.

இங்கிலீஷ் மருந்துக்குப் பக்கவிளைவு இல்லையா என்கிறார்கள். இருக்கிறது. பாரசிட்டமாலை அளவு மீறி விழுங்கினால் ஈரல் போய்விடும். 500 மில்லிகிராம் மாத்திரை ஒரு நாளைக்கு 8-க்கு மேல் கூடாது என்று பெட்டியிலேயே போட்டிருக்கிறான். அதே மாதிரி நீங்களும் போடுங்கள் என்றுதானே கேட்கிறேன்!

இயற்கை என்பவர்களுக்கு: அரளி விதையும் இயற்கைதான். அப்புறம், ரசத்தில் போடும் மஞ்சளை யாரும் குறை சொல்லவில்லை. அதன் சத்தை மட்டும் பிரித்தெடுத்து, மிளகுச் சத்தோடு சேர்த்துக் கேப்சூலில் அடைத்தால் அது வேறு கதை. ஈரல் பாதிக்கப்படலாம் என்று ஆஸ்திரேலிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023-ல் எச்சரித்தது. அவர்களும் நம் பாரம்பரியத்தின் எதிரிகள் என்று வைத்துக்கொள்வோமா?

எனக்கு "மருந்துக் கம்பெனி ஏஜெண்ட்" என்று பட்டம் வேறு. கம்பெனி இன்னும் சம்பளம் போடவில்லை. ஒரு டப்பாவுக்கு எவ்வளவு கமிஷன் என்று நான் அங்கே யாரையும் கேட்கவில்லை, கவனித்தீர்களா?

"அண்ணன் நல்லவர், அன்னதானத்துக்கு முதல் ஆளா நிக்கிறவர்." தெரியும். அப்பா மருத்துவமனையில் கிடந்தபோது ஆரஞ்சுப் பழத்தோடு வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரும் அவர்தான். அதைப் பார்த்த மனிதர் இதை விற்கிறார், நான் கேட்டால் குரல் பதிவில் சிரிக்கிறார். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்கமுடியவில்லை. மற்றவர்கள் கைதட்டியதும்கூடப் பரவாயில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்கே தெரியாமல் இருக்கலாம், அதை நான் நம்பத் தயார். தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே பேச்சு முடிந்திருக்கும்.

ஏற்கெனவே வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு ஒன்று. இந்தப் பதிவைப் படித்துவிட்டு நீங்களாகவே சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். அப்பா விழுந்தது நிறுத்திய பிறகுதான். முகம் உப்பியிருந்தால், பசி கூடியிருந்தால், சர்க்கரை காரணமில்லாமல் ஏறியிருந்தால், நாளைக் காலையிலேயே பலதுறை மருந்தகத்துக்கு, அதாவது பாலிகிளினிக்குக்கு, போய் டாக்டரைப் பாருங்கள். சாப்பிடுவதை மறைக்காமல் சொல்லுங்கள். டப்பாவையும் கையோடு எடுத்துப் போங்கள். வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே போனாலும் எனக்குச் சம்மதம்.