சேலம் முழுக்க ஒரே கதையைப் படிக்கட்டும்

ரொம்ப நாளாக மனதில் இருக்கும் ஆசையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு மாதம், சேலம் முழுக்க ஒரே கதையைப் படிக்க வேண்டும். கல்லூரிக்காரர்களும் இலக்கியக் கூட்டத்துக்காரர்களும் மட்டுமல்ல. அம்மாபேட்டைத் தறிக்காரர், செவ்வாய்ப்பேட்டை மளிகைக்காரர், கொலுசுப் பட்டறைப் பையன்கள், ஏற்காட்டு எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கிறவர்கள், குறுக்குப்பட்டி இலங்கை அகதிகள் முகாமில் இருப்பவர்கள், எல்லோரும். அது பிழைப்புக்காக ஊரை விட்டுப் போனவர்களின் கதையாக இருக்க வேண்டும்.

1998இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரப் பொது நூலகத்தில் நான்சி பேர்ல் என்ற நூலகர் இப்படி ஒன்றைத் தொடங்கினார். ஊரே ஒரு புத்தகத்தைப் படித்தால் எப்படியிருக்கும் என்பதுதான் அவர் எண்ணம். 2001இல் சிகாகோ எடுத்துச் செய்தது. அப்புறம் ஊர் ஊராகப் பரவிவிட்டது. செய்முறை ஒன்றும் சிக்கலில்லை. நூலகம் ஒரு புத்தகத்தைத் தேர்ந்தெடுக்கும், நிறையப் பிரதி வாங்கிக் கிளைகளுக்கு அனுப்பும், படித்தவர்கள் அங்கங்கே கூடிப் பேசுவார்கள். குடியேறி வந்தவர்களின் கதைகளைப் பல ஊர்கள் இதற்கு எடுத்திருக்கின்றன. சேலத்துக்கும் அதுதான் வேண்டும் என்கிறேன்.

ஏனென்றால் இந்த ஊரின் பாதி வேலை இன்று வெளியூர்க் கைகளில் நடக்கிறது. கட்டடம், ஓட்டல், ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலை, வெள்ளிப் பட்டறை என்று எங்கே போனாலும் பீகார், ஒடிசா, வங்காளத்துப் பிள்ளைகள். தன்பாத்திலிருந்து ஆலப்புழைக்குப் போகும் ரயில் சேலம் ஜங்ஷனில் நிற்கும்போது பொதுப் பெட்டியைப் பாருங்கள். அவர்கள் கட்டிய வீட்டில் நாம் குடியிருக்கிறோம், ஆனால் அவர்களுக்கு வீடு வாடகைக்குக் கேட்டால் "வடக்கனுக்குத் தர்றதில்ல" என்கிறோம். நான் இதைக் காது கொடுத்துக் கேட்டிருக்கிறேன், நல்ல மனிதர்கள் வாயிலிருந்தே. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார்க்காரர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவியபோது எத்தனை பேர் பயந்துபோய் ரயில் ஏறினார்கள். அரசும் போலீசும் பொய் என்று சொன்னார்கள், சரி. பக்கத்து வீட்டுக்காரனைப் போய்க் கேட்டுத் தெரிந்துகொள்ளும் அளவுக்கு அவர்களுக்கு இங்கே ஒரு பழக்கம் இருந்திருந்தால் அந்தப் பொய் அவ்வளவு வேகமாக ஓடியிருக்காது.

இத்தனைக்கும் சேலம் வந்தவர்களால் ஆன ஊர். வீட்டுக்குள் சௌராஷ்டிரமும் கன்னடமும் தெலுங்கும் பேசும் நெசவாளர்கள் இல்லாமல் சேலம் பட்டு ஏது? சேர்வராயன் மலையின் 'மலையாளி' என்ற பழங்குடி மக்களே தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிகள் என்றுதான் சொல்கிறார்கள். அதே மலையில் 1820களில் காப்பி வைத்தவர் காக்பர்ன் என்ற ஸ்காட்லாந்துக்காரக் கலெக்டர். எனக்கு இதில் மிகவும் பிடித்தது ஜவ்வரிசிக் கதை. இரண்டாம் உலகப் போரில் மலேயாப் பக்கத்திலிருந்து ஜவ்வரிசி வரத்து நின்றுபோனது. அங்கே பினாங்கில் இருந்து வந்த போபட்லால் ஷாவுக்கு அதன் செய்முறை தெரிந்திருந்தது. சேலத்து வியாபாரி மாணிக்கம் செட்டியார் அவரோடு சேர்ந்து 1943 வாக்கில் குச்சிக்கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்ய ஆரம்பித்தார். இன்று சேலத்தின் பெயர் சொல்லும் தொழில், ஊர் விட்டு ஊர் வந்த ஒருவர் கொண்டுவந்த கைப்பக்குவத்தில் தொடங்கியது.

போனவர்கள் கதை இன்னும் பெரிது. தாது வருஷப் பஞ்சம் என்று பாட்டிகள் சொல்வார்களே, 1876 முதல் 78 வரை, அதில் சேலம் ஜில்லா செத்துப் பிழைத்தது. அதற்கு முன்பும் பின்பும் கங்காணிகள் ஊருக்குள் வந்து முன்பணம் கொடுத்து ஆள் கூட்டிப் போனார்கள். சேலம், திருச்சி, புதுக்கோட்டை என்று பல பக்கத்து ஜனங்கள் இலங்கையில் முதலில் காப்பிக்கும், அப்புறம் தேயிலைக்கும் போய்ச் சேர்ந்தார்கள். முன்பணம் கடனாகி, கடன் தலைமுறையாகி, லயம் என்ற தோட்டத்து வரிசை வீடுகளின் அறைகளிலேயே காலம் போனது. 1948இல் இலங்கை கொண்டுவந்த சட்டம் அவர்களை எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்களாக ஆக்கியது. 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் உட்கார்ந்து 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதி என்று பங்கு போட்டார்கள். யாரும் அந்த ஜனங்களைக் கேட்கவில்லை. திரும்பி வந்தவர்களை இங்கே 'சிலோன்காரங்க' என்றோம். 1983க்குப் பிறகு படகேறி வந்தவர்களின் பிள்ளைகள் முகாமிலேயே பிறந்து, படித்து, கல்யாணமும் ஆகி, இன்னும் குடியுரிமைக்குக் காத்திருக்கிறார்கள். ஓமலூர்ப் பக்கம் பஸ்ஸில் போகிற நம்மில் எத்தனை பேர் அந்த முகாமுக்குள் ஒரு தடவையாவது போயிருப்போம்?

எங்கள் தெருப் பட்டறையில் கொலுசுக்குப் பற்று வைக்கும் ஒடிசாப் பையனிடம் இந்தத் தேயிலைத் தோட்டக் கதையை ஒருநாள் சொல்லிக்கொண்டிருந்தேன். "எங்க தாத்தா கூடப் பொறந்தவரும் போனாரு, அசாம் தோட்டத்துக்கு. திரும்பி வரல" என்றான். அவன் தமிழ் அரைகுறைதான். ஆனால் கங்காணி என்றால் என்ன என்று அவனுக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. அங்கே வேறு பேர், வேலை ஒன்றுதான். அன்றைக்கு அவன் பேசினான் பாருங்கள், அதுவரை இத்தனை காலம் தலையாட்டியதோடு சரி. இந்தத் திட்டத்தைப் பற்றி நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்கு அந்தப் பேச்சும் ஒரு காரணம்.

சரி, எந்தக் கதை? என் ஓட்டு புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி'க்கு. திருநெல்வேலிச் சீமைக் கிராமத்திலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் மருதியின் கதை. நாவல் அளவு இல்லை, வேலைக்குப் போகிறவர்களும் படித்து முடிக்கலாம். அவர் 1948இல் மறைந்ததால் உரிமைச் சிக்கலும் இல்லை, யார் வேண்டுமானாலும் அச்சடித்துக் கொடுக்கலாம். எதிர்ப்பு வரும் என்று தெரியும். அந்தக் கதை தலித் மக்களைக் காட்டும் விதம் சரியில்லை என்ற விமர்சனம் உண்டு. 2014இல் சென்னைப் பல்கலைக்கழகம் பாடத்திட்டத்திலிருந்து அதை எடுத்தது. விமர்சிப்பவர்களையே முதல் கூட்டத்துக்கு அழைத்துப் பேசச் சொல்லலாம் என்பது என் எண்ணம். பாராட்டுரை மட்டும் கேட்டுவிட்டுக் கலையும் கூட்டத்தில் எனக்கு ஆர்வம் இல்லை. இதைவிடப் பொருத்தமான கதை இருக்கிறது, தோட்டத்து மக்களே எழுதியது இருக்கிறது என்று யாராவது காட்டினால் மாற்றிக்கொள்ளலாம்.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். இது வாசிக்கத் தெரிந்தவர்களுக்கு மட்டுமான விழாவாகக் கூடாது. திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் படித்தால் எழுத்துத் தெரியாத கிழவிகளும் விடிய விடிய உட்கார்ந்து கேட்ட ஊர் இது. அந்த மாதிரி உரக்கப் படிக்க வேண்டும், ஒரு பத்தி தமிழில், அதே பத்தி இந்தியில், ஒடியாவில், வங்காளத்தில். ஏசி ஹாலில் பொன்னாடை போர்த்திக்கொண்டு அல்ல. பட்டறைக்கு லீவு விடும் நாளில் பட்டறை வாசலில், சேகோ ஆலைக் களத்தில், முகாமில், ஏற்காட்டில் எஸ்டேட் லைன் வீடுகளுக்கு முன்னால். 'புலம்பெயர்ந்தோர்' பற்றி நாம் நமக்குள்ளேயே பேசிக்கொள்வதானால் இவ்வளவு பாடு எதற்கு? அவர்கள் பேச வேண்டும், நாம் கேட்க வேண்டும்.

பணம் எங்கே என்பீர்கள். சொத்து வரியோடு 10 சதவீதம் நூலக வரி கட்டுகிறோம். மாவட்ட மைய நூலகம் இருக்கிறது, கிளைகள் இருக்கின்றன, புத்தகத் திருவிழாவும் நடக்கிறது. சில ஆயிரம் சிறு பிரசுரங்கள் அச்சடிப்பது பெரிய செலவில்லை.

நூலகத்துக்குக் கொடுக்க மனு எழுதி வைத்திருக்கிறேன், கையெழுத்துப் போட வருகிறவர்கள் கீழே சொல்லுங்கள். கதையின் முதல் சில பக்கங்களுக்கு இந்தி மொழிபெயர்ப்பு செய்யப் பள்ளி ஆசிரியை ஒருவர் ஒத்துக்கொண்டார். ஒடியாவும் வங்காளமும் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் சேலத்தில் யார் இருந்தாலும் உள்பெட்டிக்கு வாருங்கள். பட்டறை முதலாளிகள் ஒருநாள் சாயங்காலம் ஒரு மணி நேரம் வாசலை விட்டுக்கொடுத்தால் போதும். நாற்காலி வேண்டாம், பாய் நாங்கள் கொண்டு வருகிறோம்.